குகைக்குள் அம்மா முனகியது

“ஏலே, இது அம்மா இல்ல. அம்மா இப்படிக் கீச்சுன்னு பாட மாட்டா.”

கேரளத்துப் புனலூரிலிருந்து அக்கா போனில் இப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவள் குரல் என்று எங்களிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேசட். அதிலும் பதினொரு நிமிஷம். செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தபோது, பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கு அடியில் அது கிடைத்தது. பக்கத்து ஊரில் ஒரு கடையில் முந்நூறு ரூபாய் கொடுத்து எம்பி3 ஆக்கி, வாட்ஸ்அப்பில் அக்காவுக்கும் கோயம்புத்தூரில் இருக்கும் தங்கச்சிக்கும் அனுப்பினேன். கேட்டதும் இரண்டு பேரும் அழுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

தங்கச்சியும் அழவில்லை. “அண்ணா, அந்த முனகல் எங்க? நடுவுல அம்மா மூக்கால முனகுவாளே, அது இதுல இல்லையே” என்றாள்.

ஒருத்திக்குக் குரலே வேறு. இன்னொருத்திக்குப் பாட்டில் ஒரு துண்டு காணோம். ஞாபகம் என்பது இப்படித்தான், ஆளுக்கு ஒன்று சொல்லும், டேப் பொய் சொல்லாது என்று அன்று உறுதியாக நம்பினேன். அடுத்த மூன்று மாதம் அந்த நாடாவோடு மல்லுக்கட்டிய பிறகுதான் இரண்டு பேர் சொன்னதும் சரி என்று தெரிந்தது. பழைய கேசட்டை வீட்டில் வைத்துக்கொண்டு, என்றைக்காவது மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது உதவும். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அம்மா புனலூர்க்காரி. அங்கே இருந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மலை இறங்கி செங்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் ஊரே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்தான். அதனால் அவள் பேச்சு எங்கள் தெருவில் யாருக்கும் அந்நியமாகப் படவில்லை. ‘எப்படி’ என்பதற்கு ‘எங்ஙன’ என்பாள். தூங்கச் சொல்ல மாட்டாள், உறங்கச் சொல்வாள். வீட்டு ரேடியோவில் திருநெல்வேலி நிலையம் 1197 கிலோஹெர்ட்ஸ், திருவனந்தபுரம் 1161. டயலில் இரண்டுக்கும் நடுவே ஒரு நகக்கண் அளவு கூட இருக்காது. அப்பா திண்ணைக்குப் போனதும் அம்மாவின் விரல் அந்த நகக்கண்ணைத் தாண்டிவிடும். அவர் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் முள் பழையபடி நெல்லைக்கு வந்துவிடும்.

அந்தக் கேசட்டில் இருப்பது அவளே கட்டிய தாலாட்டு. செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போகும் ரயிலின் ஸ்டேஷன்கள்தான் பாட்டு. 1904-ல் போட்ட பாதை அது. 2010-ல் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தி, 2018-ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். அம்மா காலத்தில் மீட்டர் கேஜ்தான். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அவளிடம் ஒரு வரி உண்டு. பகவதிபுரம் தாண்டினதும் மலைக்குள் ஒரு நீளமான குகை வரும். “குகை வருது, குகை வருது, வாயை மூடு தங்கமே” என்று பாடிவிட்டு, குகை முடிகிறவரைக்கும் அவளும் வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்ம்” என்று இழுப்பாள். கழுதுருட்டி வந்தால் பதிமூணு கண் பாலம். “பதிமூணு கண்ணு பாலம் பார், நீ ரெண்டு கண்ண மூடிப் பார்.” கடைசியில் புனலூர். அங்கே கல்லடையாற்றின் மேலே 1877-ல் கட்டிய தூக்குப்பாலம். “தூக்குப்பாலம் ஆடுது, தொட்டிலும் கூட ஆடுது.”

இப்போது இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன். கேசட்டைக் கேட்பதற்கு முன்னால் இதில் பாதி எனக்குத் தெரியாது. என் ஞாபகத்தில் அந்தப் பாட்டு புனலூரில் கிளம்பி செங்கோட்டையில் முடியும். அக்காவுக்கு ஆரியங்காவுக்கு மேல் ஒரு ஸ்டேஷனும் ஞாபகம் இல்லை. தங்கச்சிக்கு வரிகளே இல்லை, அந்த முனகல் மட்டும்தான்.

நான் தற்செயலாக ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன். கடைக்குக் கொடுக்கும் முன்பே மூவரும் அவரவர் ஞாபகத்தில் இருந்ததை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். தங்கச்சியின் யோசனை அது. இதை எல்லோரும் செய்ய வேண்டும். பதிவை ஒருமுறை கேட்டுவிட்டால், அதற்கு முன் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது போய்விடுகிறது. கேட்டதே எப்போதும் தெரிந்தது போல ஆகிவிடுகிறது. அந்தத் தாள் இல்லையென்றால், முனகல் காணோம் என்று தங்கச்சி சொன்னதை நான் சட்டை செய்திருக்க மாட்டேன்.

அவள் சொன்னபிறகு கடைக்காரரின் எம்பி3-ஐ மறுபடி கேட்டேன். “வாயை மூடு தங்கமே” வரைக்கும் பாட்டு வருகிறது. அப்புறம் நாற்பது விநாடி துடைத்துவிட்ட மாதிரி வெறுமை. அதன்பின் ஆரியங்காவு. அம்மா அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினாள் என்று நான் நினைத்திருந்தேன்.

கடைக்குப் போய்க் கேட்டேன். “இரைச்சல் நிறைய இருந்துச்சு சார், க்ளீன் பண்ணிட்டோம்” என்றார்கள். பாட்டு முடிந்தபின் இருந்த கடைசிப் பகுதியையும் வெட்டிவிட்டார்களாம், “அதுல பாட்டு இல்ல” என்று. வெட்டுவதற்கு முந்தைய பதிவு இருக்கிறதா என்றால் இல்லை. நல்ல மனசோடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நாடா மட்டும் அறுந்துபோயிருந்தால் என் அம்மாவின் நாற்பது விநாடி அன்றோடு முடிந்திருக்கும். கடைக்குக் கொடுக்கிறவர்கள் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: எதையும் துடைக்காதீர்கள், வெட்டாதீர்கள், பட்டனை அமுக்கின சத்தத்திலிருந்து நாடா ஓய்கிறவரைக்கும் அப்படியே வேண்டும், எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக வேண்டும்.

இரைச்சலை நீக்கும் மென்பொருள் வேலை செய்யும் விதத்தைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ‘இதுதான் இரைச்சல்’ என்று பதிவில் ஒரு துண்டை நாம் அதற்குக் காட்ட வேண்டும். அந்தத் துண்டில் எந்தெந்த ஒலிகள் இருக்கின்றனவோ அவற்றை முழுப் பதிவிலிருந்தும் அது குறைத்துவிடும். பாட்டு இல்லாத இடம் என்று அவர்கள் எடுத்துக் காட்டியது குகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஓட்டில் மழை, கூடவே ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரு உறுமல். தெரியாதவர் காதுக்கு அது மெஷின் சத்தம் போலத்தான் கேட்கும். அதை இரைச்சல் என்று கற்றுக்கொண்ட மென்பொருள், அம்மாவின் குரலில் அந்த அடித்தொனி எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் சுரண்டியிருக்கிறது. குரல் தகரம் போல ஆனதில் ஒரு பங்கு இதனால்.

ஆகவே நானே இறங்கினேன்.

கேசட்டின் நிலைமை சொல்லும்படி இல்லை. எங்கள் ஊர்ச் சாரல் காற்றில் பரணில் கிடந்தது வேறு எப்படி இருக்கும்? நாடாச் சுருளின் ஓரத்தில் சுண்ணாம்பு பூசினது போல பூஞ்சை. நாடாவை, அதிலிருந்து ஒலியை எடுக்கிற ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற குட்டிப் பஞ்சு, பசை விட்டு விழுந்து உள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. இந்த நிலைமையில் ஓட்டினால் நாடாவும் போகும், பிளேயரும் போகும், அடுத்து போடுகிற கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். வேண்டாத பழைய பாட்டுக் கேசட் ஒன்றை எடுத்து முதலில் அதைப் பிரித்துப் பழகினேன். ஐந்து திருகாணி, உள்ளே இரண்டு சக்கரம், இரண்டு உருளை, வழுவழுப்பான இரண்டு தாள். எது எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். அப்புறம் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மொட்டைமாடியில் உட்கார்ந்து, அம்மா கேசட்டின் நாடாச் சுருள்களை வெளியே எடுத்துக் காய்ந்த மெல்லிய துணியால் பூஞ்சையைத் துடைத்தேன். அந்தப் பாட்டுக் கேசட்டின் கூட்டுக்குள் இவற்றை மாற்றிவைத்தேன். நாடா 4 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. கை நடுங்கினால் மடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க இதுவே ஆயிற்று.

பிளேயர் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். பழைய பிளேயரை வாங்கினால் அதன் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், மாற்றாமல் ஓட்டினால் குரல் தள்ளாடும். ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும், பஞ்சில் காப்பிப்பொடி நிறத்தில் அழுக்கு வருவது நிற்கிறவரை. ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியைக் கால் திருகு, அரைக் கால் திருகு என்று மெல்லத் திருப்பினால் ஓர் இடத்தில் ‘ச’வும் ‘ஸ’வும் பளிச்சென்று கேட்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். போர்வைக்குள் இருந்து பேசினது போல இருந்த அம்மா, அந்தக் கால் திருகில் வெளியே வந்துவிட்டாள். எந்த மென்பொருளாலும் அப்புறம் இதைச் செய்ய முடியாது.

பிளேயரிலிருந்து லைன்-இன் வழியாகக் கணினிக்கு. லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் செருகினால் ஒலி உடைந்துபோகும், அதனால் ஒரு சின்ன யுஎஸ்பி ஒலிப்பெட்டி வாங்கினேன். ஆடாசிட்டி இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், அதில் பதிவு. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ. பதினொரு நிமிஷத்துக்கு 95 எம்.பி. வந்தது. கடைக்காரரின் கோப்பு 10 எம்.பி.

குகை இருந்தது. நாற்பது விநாடியும் முழுசாக இருந்தது. முதல் பதினைந்து விநாடி ஒரே சுருதி, அப்புறம் மெல்ல ஒரு சுரம் கீழே இறங்கி, கடைசியில் குகையின் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது போல மேலே ஏறுகிறது. அதைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். அன்று அவள் திரும்பக் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில்தான் கூப்பிட்டாள்.

அக்கா மட்டும் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. “நல்லாத்தான் இருக்கு, ஆனா அம்மாவுக்கு இம்புட்டு மேல போகாது தம்பி. வேற யாரோ அம்மா மாதிரிப் பாடுதா.”

இந்தப் பேச்சுதான் என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது. முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட குரலின் சுருதி ஒருத்திக்கு ஞாபகம் இருக்குமா? இருக்கும் என்கிறது ஆராய்ச்சி. டேனியல் லெவிடின் என்கிற உளவியலாளர் 1994-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். 46 மாணவர்களை, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டுகளை மனசில் இருக்கிறபடி பாடச் சொன்னார். சங்கீதம் படித்திருக்க வேண்டும் என்கிற நிபந்தனை இல்லை. நூற்றுக்கு நாற்பது பேர் இரண்டு முயற்சியில் ஒன்றிலாவது இசைத்தட்டில் இருந்த அதே சுருதியில் பாடினார்கள். கட்டை, சுரம் என்று பேர் சொல்லத் தெரியாதவர்களுக்கும் சுருதி உள்ளே தங்கிப்போகிறது. அக்காவுக்கு அம்மா பாட்டு எத்தனை ஆயிரம் ராத்திரி! அவளை நம்பலாம் என்று முடிவு செய்தேன். அப்படியானால் டேப்தான் தப்பாக ஓடுகிறது. எவ்வளவு தப்பு? அளக்க ஒரு கோல் வேண்டுமே.

கரண்டில் ஓடின ரெக்கார்டரில் பதிந்ததாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் அடியில் கேட்கும், அதை வைத்து ஓரளவு கணக்குப் போடலாம் என்பார்கள். இதில் அது இல்லை. அக்காவிடம் கேட்டேன். ரெக்கார்ட் பட்டனை அமுக்கினதே அவள்தான். 1984, அவளுக்குப் பதினாலு வயசு. சித்தப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன், ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்தது. அன்று சாரல் வலுத்து கரண்ட் போய்விட்டது. பாட்டரியில் ஓட்டினாள். பல நாளாகப் பாட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன பாட்டரி.

விடை அதில் இருந்தது. பாட்டரி சோர்ந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், அன்று அதைவிடக் குறைவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு அவசரப்படும், குரலும் மேலே ஏறும். பாட்டரி நேரம் போகப் போகச் சோரும் என்பதால், பதிவின் கடைசியில் தப்பு இன்னும் கூடும்.

கோல் கிடைத்தது இப்படி. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதில், மழைக்கு அடியில் ஒரு டக், டக் இருப்பதைக் கவனித்தேன். இறவாணத்தில் சொட்டுகிற தண்ணீர் என்று முதலில் நினைத்தேன். சொட்டு இவ்வளவு சீராக விழாது. ஆடாசிட்டியில் அலைப்படத்தை, எந்த நேரத்தில் எந்தெந்தச் சுருதி ஒலிக்கிறது என்று காட்டுகிற நிறமாலைப் படமாக மாற்றிப் பார்த்தால், மழையின் மங்கலான புகைக்கு நடுவே, சீப்புப் பல் போல மெல்லிய செங்குத்துக் கோடுகள் ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றன. தாத்தாவின் சுவர்க்கடிகாரம்! சாவி கொடுக்கிற, பெண்டுலம் ஆடுகிற அந்தக் கடிகாரம், தொட்டில் கட்டின நடுவறைச் சுவரில்தான் தொங்கியது. அம்மா போனபின் அதை அக்கா புனலூருக்கு எடுத்துப் போய்விட்டாள். அத்தான் ஞாயிறு தவறாமல் சாவி கொடுக்கிறார். இன்றும் ஓடுகிறது.

பெண்டுலக் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது என்றால் நிமிஷத்துக்கு இத்தனை அடி என்பது அதன் பற்சக்கரங்களே தீர்மானித்த கணக்கு. நாற்பது வருஷத்தில் அது மாற வழியில்லை. ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் முன்னே பின்னே ஓடினால்கூட ஆயிரத்துக்கு மூன்றரைப் பங்குதான் பிசகு, அது காதுக்கே தெரியாது. உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, கடிகாரத்து முன்னால உக்காந்து அஞ்சு நிமிஷம் டக் டக் எண்ணிச் சொல்லு.”

“எதுக்குலே?”

“அம்மா குரலுக்கு.”

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் எண்ணினால் ஒரு அடி தவறினாலே நூற்றுக்கு ஒன்று போல ஆகிவிடும் என்றுதான் ஐந்து நிமிஷம் கேட்டேன். நூறு நூறாக விரல் மடக்கி எண்ணிவிட்டு, நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவையும் எண்ணி, கூப்பிட்டாள். “அறுநூறு. ரெண்டு தடவையும் அறுநூறு.” நிமிஷத்துக்கு 120.

டேப்பில் எண்ணினேன். முதல் நிமிஷம் 124. ஆறாவது நிமிஷம் 127. கடைசி நிமிஷம் 130. ஏழாவது எட்டாவது நிமிஷத்தில் மழை ஓங்கிப் பெய்ததால் கோடுகள் மறைந்துவிட்டன, அந்த இரண்டுக்கும் முன்பின் எண்களை வைத்துக் கணக்கிட்டேன். சராசரியாக நூற்றுக்கு ஆறு பங்கு வேகம். சுருதியில் அது ஏறக்குறைய அரைக் கட்டை. அம்மா அரைக் கட்டை மேலே ஏறிவிட்டாள் என்பதைத்தான் அக்கா “கீச்சுன்னு” என்ற ஒரே சொல்லில் சொல்லியிருக்கிறாள்.

கடை கொடுத்த கோப்பில் அந்தக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. மழையோடு கடிகாரமும் போய்விட்டது. பிறகு ஒரு நாள், குரலை மட்டும் தனியாகப் பிரித்துத் தருகிற செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிலும் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி போலக் குரல் வந்தது. மழையும் கடிகாரமும் போனதோடு தூரத்தில் கூவின ரயிலும் போய்விட்டது. அது மட்டும் கையில் இருந்திருந்தால், அம்மாவை அம்மாவின் சுருதிக்குக் கொண்டுவர எனக்கு எந்த வழியும் இருந்திருக்காது. அதனால் மூலப்பதிவில் கை வைக்கவே கூடாது என்கிறேன். துடைப்பது, வெட்டுவது, பிரிப்பது எல்லாம் நகலில் செய்துகொள்ளலாம். உங்கள் பதிவில் கடிகாரம் இல்லாமல் போகலாம். கோயில் மணியோ, வீட்டில் இன்னும் இருக்கிற வெண்கலப் பாத்திரத்தின் சத்தமோ, பக்கத்து வீட்டு ரேடியோவில் ஓடிய சினிமாப் பாட்டோ இருக்கும். அந்தச் சினிமாப் பாட்டின் சரியான வேகம் இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. அதை வைத்து உங்கள் அப்பாவின் பேச்சைச் சரிசெய்யலாம்.

சரிசெய்யும்போது நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆடாசிட்டியில் சுருதியை மட்டும் மாற்றுவது ஒரு கருவி, வேகத்தை மாற்றுவது வேறு கருவி. முதல் நாள் சுருதிக் கருவியைப் பிடித்தேன். குரல் இறங்கியது, பாட்டின் அவசரம் அப்படியே இருந்தது. வேண்டியது வேகக் கருவி, அதில்தான் இரண்டும் சேர்ந்து இறங்கும். இன்னொன்று, 120-க்குப் பதில் 130 என்றால் நூற்றுக்கு 8.3 அதிகம்தான், ஆனால் 130-ஐ 120 ஆக்க 7.7 குறைத்தால் போதும். பதிவைப் பதினொரு துண்டாக்கி, முதல் துண்டுக்கு 3.2, கடைசித் துண்டுக்கு 7.7 என்று படிப்படியாகக் குறைத்தேன். எந்தெந்தப் பிளேயர் எவ்வளவு பிசகு என்று தனியாகப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. எல்லாப் பிசகையும் சேர்த்துக் கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

முடிந்தபோது பதிவு 38 விநாடி நீண்டிருந்தது. அந்த 38 விநாடியும் அம்மா உண்மையாகவே பாடிய நேரம்.

இதை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப மனசு வரவில்லை. போனில் கேட்கவைக்கலாம் என்றால், அழைப்பில் மாறாத சத்தத்தை எல்லாம் போனே இரைச்சல் என்று அமுக்கிவிடும், குகை மறுபடியும் போய்விடும். பென் டிரைவையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் பையில் போட்டுக்கொண்டு புனலூருக்கு ரயில் ஏறினேன். பகவதிபுரம் தாண்டி வண்டி குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தினார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். குகைக்குள் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கக் கடிகாரத்தைக் கையில் பிடித்திருந்தும் பார்க்க மறந்துவிட்டேன்.

அக்கா வீட்டில் முதலில் கடிகாரத்தைத்தான் போய்ப் பார்த்தேன். பதிவில் ஓரிடத்தில் அது ஒரு அடி அடிக்கிறது. அரை மணி அடி. மணிச்சுருள் எழுப்புகிற ஒலி உலோகத்தைப் பொறுத்தது, அதுவும் மாறாது. பதினொன்றரை அடிக்கும்வரை காத்திருந்து அதைப் பதிந்து, சரிசெய்த கோப்பில் இருந்த அடியோடு நிறமாலையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒரே உயரம். அக்காவிடம் காட்டினேன், அவள் திரையைப் பார்க்கவில்லை. “பாட்டப் போடுலே” என்றாள்.

போட்டேன். முதல் வரியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். பகவதிபுரம் வந்தது. குகை வந்ததும் அவளும் வாயை மூடிக்கொண்டு முனகினாள். இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு போயின. எனக்குத் தெரிந்த அளவில் சுருதியில் பிசகே இல்லை. ஆரியங்காவு தாண்டியதும் கண்ணைத் திறந்தாள்.

“இதுக்கு மேல நான் கேட்டதே கிடையாது. குகைக்குள்ளயே எனக்கு உறக்கம் வந்துரும். அன்னைக்கும் பட்டன அமுக்கிட்டு உறங்கிட்டேன்.”

எனக்கு மட்டும் பாட்டு ஏன் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு வருகிறது என்றேன். “நீ உறங்காத பய. புனலூர் போய்ச் சேந்தும் நீ முழிச்சிருப்பே. திருப்பிக் கூட்டிட்டு வரணும்லா” என்றாள். அம்மா தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்த ராத்திரிகளில் எல்லாம் நான் அவளைத் திரும்பி வரவைத்திருக்கிறேன்.

கழுதுருட்டி, தென்மலை, ஒற்றைக்கல், எடமண். தொட்டிலில் கிடந்த தங்கச்சி ஒருமுறை சிணுங்கி ஓய்ந்தாள். புனலூர் வந்தது. தூக்குப்பாலம் ஆடி நின்றது. கடை வெட்டிப்போட்டிருந்த பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மழை, டக் டக். தூரத்தில் ஒரு ரயில் கூவுகிறது. அம்மா எழுந்திருக்கிற சத்தம், கண்ணாடி வளையல். பிறகு மெதுவாக, “மக்ளே... உறங்கிட்டியா?”

பதினாலு வயசு அக்காவிடமிருந்து பதில் இல்லை. வளையல் சத்தம் மைக்குக்குப் பக்கத்தில் வருகிறது. அம்மா தனக்குத்தானே முணுமுணுக்கிறாள். “இத எங்ஙன நிறுத்துறது?” ஏதோ ஒரு பட்டனைத் தடவுகிறாள், அமுங்கவில்லை.

ஸ்பீக்கர் பக்கம் குனிந்து அக்கா சொன்னாள். “அது இல்லம்மா. அடுத்த பட்டன்.”

டக்.